கிளட்ச் கால்

அவளை ஓர் இடத்தில் உட்கார வைப்பது எங்கள் வீட்டில் யாராலும் ஆகாத காரியம். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்க் குழாயைத் திருகுவாள். குழாய் ஒழுகவே ஒழுகாது; இருந்தாலும் திருகுவாள். டிவி முன்னால் உட்கார்ந்தால் ஃபேனைக் கூட்டுவாள், குறைப்பாள், மறுபடி கூட்டுவாள். "டேய், அந்த ஃபேனுக்கு வாய் இருந்தா அழுதுடும்டா" என்பேன். அப்போது எங்கள் எல்லோருக்கும் அவள் 'அவன்'தான். என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி, எனக்குக் கொழுந்தன், தொலைதூரப் பேருந்தில் டிரைவர். பேச்சு வருகிற இடத்தில் அன்றைக்குப் பேசியபடியே எழுதுகிறேன். கதையை மட்டும் 'அவள்' என்றே சொல்கிறேன். வேறு மாதிரிச் சொல்ல இப்போது எனக்கு வாய் வராது.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமனார், மாமியார் இருவருமே அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன்காரர்தான் அவளுக்கு எல்லாம். அவர் லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஒரு வாரம் முழுக்க அவர் வீட்டில் பேசுவதைச் சேர்த்து எழுதினாலும் ஒரு தபால் அட்டை நிறையாது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் அல்லவா? மாட்டார். அப்படி ஒரு பிறவி.

குரல் உடைகிற வயதில் அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் டார்ச் அடித்து, 'ஆ' சொல்லச் சொன்னார். அவள் அந்த 'ஆ'வைக்கூடச் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லி ஏதோ இனிப்பு மருந்து எழுதிக் கொடுத்தார். அதை நான்தான் குடித்துத் தீர்த்தேன், வீணாகப் போகக் கூடாதே. வெகு காலம் கழித்துத் தானாகவே பேச ஆரம்பித்தாள், தன் காதுக்கே எட்டாத மாதிரி மெதுவாக. தன் குரலைக் கேட்கச் சகிக்காமல் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு திரியும் என்று யாருக்குத் தோன்றும்? எங்களுக்குத் தோன்றவில்லை.

டிரைவர் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம். நிற்காத ஆளை மணிக்கணக்கில் ஒரே சீட்டில் கட்டிப்போடுகிற வேலை அல்லவா? கேட்டேன்.

"டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு பஸ்ல எழுதிப் போட்டிருப்பாங்களே, பாத்திருக்கீங்களா அண்ணி? வேற எந்த வேலையில இந்தச் சொகுசு கிடைக்கும்? வண்டி நிறைய ஜனம். அத்தனை பேருக்கும் என் முதுகுதான் தெரியும்."

நல்ல ஜோக் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது நிஜம். வண்டி ஓடுகிறவரைக்கும்தான் அவளுக்கு நிம்மதி. நின்றால் போச்சு. டிப்போ ஓய்வறையில் மற்ற டிரைவர்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தொட்டியடியில் நின்று ஆளுக்கு ஆள் முதுகு தேய்த்துக் குளிப்பார்கள். இவள் மட்டும் பனியனோடு குளித்து, பனியனோடு துவட்டி, ஈரப் பனியன் மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வருவாள். டிப்போவில் அவள் பெயரே 'பனியன்' என்று ஆகிவிட்டது. காலையில் ஒரு தடவை, வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை என்று முகத்தை மழித்து மழித்துக் கன்னம் எப்போதும் வெந்த மாதிரி இருக்கும். கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், அடுத்தவன் டியூட்டியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டே ஓடிவிடுவாள்.

எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. அவளுடைய யூனிஃபார்ம் சட்டையும் என் மெஷினில்தான் தைப்பது. ஒருநாள் வந்து, மார்புப் பக்கம் நன்றாக லூஸ் வைத்துத் தைக்கச் சொன்னாள்.

"ஆளு இளைச்சுக்கிட்டே போற. சட்டை மட்டும் எதுக்குடா பெருக்குது? உள்ள இன்னொரு ஆளைக் குடி வைக்கப் போறியா?"

"காத்தோட்டமா இருக்கட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டு மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்ற ஆரம்பித்தாள். கையில் ஓர் அடி வைத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் அவள் சட்டைப் பையில் அந்த அட்டை கிடைத்தது. துவைக்கப் போடும்போது பார்த்தேன், காலி மாத்திரை அட்டை. என்ன மாத்திரை என்று படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணமான புதிதில் நானும் கொஞ்ச நாள் சாப்பிட்டதுதான், பிள்ளை பிறப்பதைத் தள்ளிப்போட.

ஆக, துரை எங்கேயோ ஒருத்தியோடு பழகிக்கொண்டிருக்கிறான்! நியாயமாக எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கோ குஷி தாங்கவில்லை. இது ஒண்டிக்கட்டையாகவே காலத்தை ஓட்டிவிடுமோ என்று எத்தனை வருஷம் கவலைப்பட்டிருப்பேன். அவள் வந்ததும் வராததுமாக மடக்கினேன்.

"யாருடா அவ?"

"எவ?"

"மாத்திரை வாங்கிக் குடுக்கிறியே, அவ."

முகம் வெளுத்துவிட்டது. போய்க் குழாயைத் திருகினாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "இருக்கா அண்ணி" என்றாள்.

"எப்ப கூட்டிட்டு வரப்போற?"

"வருவா. உங்களுக்கெல்லாம் அவளைப் பிடிக்குமோ என்னமோ."

"எனக்குப் பிடிக்கும். கூடமாட ஒத்தாசையா இருந்தா சரி."

"அண்ணன்கிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தவித்ததுதான் மிச்சம். வரப்போகிறவள் குட்டையா நெட்டையா, என்னோடு ஒத்துப்போவாளா, சமையலறை இரண்டு பேருக்குக் காணுமா என்று யோசித்து யோசித்து இரண்டு ரவிக்கைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் கால் வீங்கியது. இடது கால்.

பஸ் டிரைவருக்கு இடது கால் என்றால் கிளட்ச் கால். நெரிசலில் வண்டி ஊர்ந்து போகும்போது அந்தக் கால் மிதிக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். டிப்போவில் இடது கால் வலிக்காத டிரைவர் கிடையாது. வலி வந்தால்தான் ஆள் முழு டிரைவர் ஆனான் என்று கேலி செய்வார்களே தவிர, டாக்டரிடம் போ என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தைலத்தைப் போடு, நன்றாக அமுக்கிவிடச் சொல், துணியைக் கட்டு, வண்டியை எடு. அங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இதுதான். டிப்போ மருந்தறையில் இருந்த கம்பவுண்டரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் கால்" என்று தைலப் புட்டியை நீட்டினார்.

அவளுடைய கண்டக்டர்தான் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அவருக்கு 'விசில்' என்று பெயர். பேசும்போதும் விசிலை வாயிலிருந்து எடுக்க மாட்டார், பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். "கவலப்படாதீங்கம்மா. பனியனும் பெரிய டிரைவர் ஆயாச்சு. ரெண்டு நாள் அமுக்கிவிட்டா குதிரை மாதிரி ஓடும்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

அமுக்கிவிட ஆளுக்கா பஞ்சம்? என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு தம்பியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துருப்பிடித்த நட்டைக் கையாலேயே கழற்றுகிற மனிதர். கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரைக்கும் தைலம் போட்டு அமுக்கினார். வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சலுக்கு நெற்றியைத் தொடாத மனிதர் காலையாவது பிடிக்கிறாரே. மறுநாளும் அமுக்கினார். வீக்கம் குறைவதாக இல்லை. கால் பளபளவென்று, தொட்டால் சுடுகிற மாதிரி இருந்தது. இன்னும் அழுத்தி அமுக்கினார்.

அப்படி அமுக்கிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஓடி ஏறினவள் மாதிரி, படுத்த இடத்தில். நெஞ்சில் ஏதோ குத்துகிறது என்றாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அவசரப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். விட்டால் நின்றபடியே தூங்கிவிடுவார் போலிருந்தது. கேள்விகளை மட்டும் மளமளவென்று கேட்டார்.

"சிகரெட்?"

"இல்ல."

"கால்ல அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்ல."

"மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். பிறகு, "இல்ல" என்றாள்.

எனக்கு எங்கேயோ இடித்தது. ஒருத்திக்கு வாங்கிக் கொடுத்த மாத்திரை என்றால், காலி அட்டை இவன் பைக்கு எப்படி வரும்? சாப்பிட்டவள் அல்லவா அட்டையைத் தூக்கிப் போட்டிருப்பாள்? லூஸ் வைக்கச் சொன்ன சட்டை ஞாபகத்துக்கு வந்தது. அவள் காதருகில் குனிந்தேன்.

"அந்த மாத்திரைய யாருடா சாப்பிடுறது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையே பதில்.

"வேணாம் அண்ணி. அண்ணன் நிக்கிறாரு."

"டாக்டர்கிட்ட சொல்லித் தொலைடா."

"சொன்னா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாரு. எனக்கு வேற வீடு இல்ல அண்ணி." மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக வந்தது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே, டிரைவர் என்றால் தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும், பயத்திலும் மூச்சு வாங்கும், ஊசி போட்டுவிட்டுப் பார்ப்போம் என்றார். தசைப்பிடிப்பு என்று காதில் விழுந்ததுதான் தாமதம், என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்து மறுபடியும் அமுக்கத் தொடங்கினார்.

"கைய எடுங்க!"

அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. நான் என் புருஷனை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை.

"டாக்டர், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுது. வேற யாரும் இல்ல, இந்தப் பிள்ளைதான். எத்தனை நாளான்னு எனக்குத் தெரியாது. நீங்களே கேளுங்க."

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. டாக்டரம்மாவுக்குத் தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல்களைக் காட்டினாள். "யாரும் காலைத் தொடாதீங்க" என்று கத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். கட்டில் நகர்ந்தது, ஸ்கேன் என்றார்கள், ஆக்சிஜன் என்றார்கள். அந்த மாத்திரையை அளவில்லாமல் சாப்பிட்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்தும் இருந்தால் காலுக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடுமாம். அமுக்கினால் கட்டி உடைந்து நுரையீரலுக்கு ஏறிவிடுமாம். ஒரு துண்டு ஏற்கெனவே ஏறிவிட்டது.

என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினபடியே நின்றார். தைலம் மினுங்குகிற அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

அவளை ஆண்கள் வார்டில் போட்டார்கள். அங்கே, ஒரு மத்தியானம், எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து தான் பெண் என்றே தனக்குத் தெரியும் என்றாள். டிரைவர் ஆனதும் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள். கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றாராம் அந்த மகான். இன்னொருவர் தூக்க மாத்திரை கொடுத்தாராம். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்ட முடியுமா? இதற்கென்றே டாக்டர்கள் இருக்கிற இடம் எங்கே என்று விசாரித்தால், வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வா என்றிருக்கிறார்கள். யாரைக் கூட்டிப் போவாள்? கடைசியில் போனில் பழக்கமான யாரோ இந்த மாத்திரையைச் சொல்லியிருக்கிறார்கள், அதில் இருக்கிற பெண் ஹார்மோன் உடம்பைப் பெண்ணுடம்பாக மாற்றும் என்று. ஒன்று போட்டால் கொஞ்சம் மாறும், கூடப் போட்டால் சீக்கிரம் மாறும் என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாள். அவசரக்குடுக்கை.

டாக்டரம்மாவும் எனக்கு விளக்கினார். மனம் ஒரு பாலாகவும் உடம்பு இன்னொரு பாலாகவும் இருக்கிற தவிப்பு, இதற்கு முறையான சிகிச்சை உண்டு, பைத்தியம் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை என்றார். எனக்கு அதில் 'தவிப்பு' என்கிற சொல்தான் உள்ளே இறங்கியது. ஃபேனும் குழாயும் பட்ட பாட்டுக்கு அதுதானே காரணம். அதற்காக எனக்கு எல்லாம் உடனே பிடித்துப்போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அழுதேன். தெருவில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். எங்களிடம் சொல்லாமல் சாகத் துணிந்தாளே என்று நினைத்தபோது மட்டும் அவளை நாலு அறை விடலாம் போல வந்தது.

அன்றைக்கே அறை வாங்கியிருக்க வேண்டியவன் வார்டு ஆள் ஒருவன். நெஞ்சுப் பரிசோதனைக்கு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் நடுவில் சட்டையைக் கழற்று என்றான். அவள் பட்டனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மூச்சு மறுபடியும் வாங்கியது. திரை கொண்டு வா என்றேன்.

"ஆம்பளைக்கு எதுக்கும்மா திரை?"

"உனக்கு எதுக்குய்யா வேடிக்கை? போய்க் கொண்டு வா."

கொண்டு வந்தான். நான் திரைக்கு வெளியே காவல் நின்றேன்.

என் வீட்டுக்காரர் தினமும் வந்தார். வார்டு வாசல் வரைக்கும்தான். சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்து கட்டிலைப் பார்ப்பார். போய்விடுவார். அவள் அவர் தலை தெரிந்தவுடன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். "என்ன சொன்னாரு?" என்று கேட்பாள். ஒன்றும் சொல்லவில்லை என்பேன். உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஆள் சாப்பிடவும் இல்லை. வீட்டுக்குள் விடுவாரா மாட்டாரா என்று எனக்கே தெரியாத ஒன்றை அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா அவரையும் உள்ளே கூப்பிட்டார். வேறு வழியில்லாமல் வந்து கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கொஞ்ச காலம் பஸ் ஓட்டக் கூடாது, காலை இப்படி வைக்க வேண்டும், அப்படி வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அந்தப் பழைய மாத்திரை மட்டும் இனிமே கூடவே கூடாது. அடுத்த தடவை காப்பாத்த முடியாது" என்றார்.

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்படின்னா என்னை வீட்டுக்கு அனுப்பாதீங்க டாக்டர். நான் மறுபடியும் வாங்கிச் சாப்பிடுவேன். சாப்பிட மாட்டேன்னு உங்ககிட்ட பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. சாகணும்னு ஆசை இல்ல டாக்டர். ஆனா பழையபடி இருக்க என்னால முடியாது. முடியவே முடியாது."

அண்ணன் காது கேட்க அவள் அதைச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்தார். இதோ இந்த மனிதர் திரும்பி நடக்கப் போகிறார், அத்தோடு இவள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார்.

"இந்த மாத்திரை ஒத்துக்கல. சரி. ஒத்துக்கற மாதிரி வேற எதுவும் இல்லையா டாக்டர்?"

பட்டறையில் ஒரு பாகம் பொருந்தாவிட்டால் கடைக்காரரிடம் கேட்பாரே, அதே குரல். டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். இருக்கிறது என்றார். தோலில் ஒட்டிக்கொள்கிற மாதிரி மருந்து இருக்கிறது, ரத்தம் உறைகிற ஆபத்து அதில் குறைவு. ஆனால் அதற்கென்று இருக்கிற டாக்டர்களைப் பார்க்க வேண்டும். மனநல டாக்டர் பேசிப் பார்ப்பார், ரத்தப் பரிசோதனைகள் உண்டு, வீட்டிலிருந்து ஒருவர் கூட வந்தால் நல்லது. கூட்டம் அதிகம், மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

"நான் வர்றேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

பிறகு கட்டிலருகில் வந்தார். காலைத் தொட்டுவிடக் கூடாது என்று கைகளைப் பின்னாலேயே கட்டியிருந்தார்.

"அதுவரைக்கும் உசிரோட இருப்பியா?"

அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.

"தலைய ஆட்டாத. வாயால சொல்லு."

"இருக்கேண்ணே" என்றாள்.